கண்ணீர் அஞ்சலி, படம்

என் போனுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். கண் போன பிறகு எனக்கு வாய்த்தவள். திரையில் என் விரல் எங்கே படுகிறதோ, அங்கே இருப்பதை வாய்விட்டு வாசிப்பாள். செய்தி வாசிக்கிற தமிழ்; தூத்துக்குடி உப்புக்காற்று படாத தொண்டை. யாராவது ‘என்னலே’ என்று எழுதி அனுப்பினால், அதையும் புயல் எச்சரிக்கை மாதிரி வாசிப்பாள். என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் இவளை வீட்டுப் படி ஏற்றியிருக்க மாட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை போனேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் ஐந்தாம் வகுப்பின் வாசல் வரை. உள்ளே போகச் சொன்னபோது கடலுக்குப் போய்விட்டேன். இதையும் நான் எழுதவில்லை. நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது, எங்கள் ஊர்ப்பெண் ஒருத்தி திருத்தி நல்ல தமிழாக ஆக்குகிறாள். அவள் இதிலேயே வருகிறாள். தன்னைப் பற்றிய இடங்களை அழிக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

தொழில் சங்கு எடுப்பது. படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீளமான டியூப் வழியாகக் காற்று கீழே வரும், நான் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையில் தடவித் தடவிச் சங்கு பொறுக்குவேன். பிறகு சர்க்கரை வந்து கண்ணைக் கொண்டுபோனது. கலங்கல் தண்ணீரில் காலம் தள்ளியவன், இருட்டு எனக்குப் புதுசா என்று வீரம் பேசினேன். மறுநாளே குளியலறை என்று நினைத்து அடுப்படியில் வேட்டியை அவிழ்க்கப் போனேன். மகள் போட்ட சத்தத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பலெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கும்.

இப்போது மகளோடு டவுனில் இருக்கிறேன். துறைமுகம் போகிற ரோட்டில் அவளுக்கு ஒரு பெட்டிக்கடை. லாரிக்காரர்கள் நிறுத்தி டீயும் தண்ணீர் பாட்டிலும் வாங்குவார்கள். நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயடிப்பேன். மகள் என்னைக் கடையின் மைக் செட் என்று சொல்லுவாள்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கீழே இருக்கும்போது, என் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே படகில் பிடித்திருந்தவன்.

எங்கள் தொழிலில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் கூட்டிப் போவார்கள். மனைவியின் கூடப் பிறந்தவன். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்ற பயத்தில் அவன் கயிற்றை விடமாட்டான் என்று கணக்கு. என் மனைவிக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அதனால் ஊரில் சும்மா திரிந்த ஒருத்தனைப் பிடித்து, “இன்னையில இருந்து நீ எனக்கு மச்சான்லே” என்றேன். அவன் யோசித்துவிட்டு, “செத்த மீனு மாதிரி இருக்க, ஒனக்கு மச்சானா இருக்கணுமா?” என்று கேட்டான். ஆனாலும் கயிற்றை வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து என் மனைவி அவனை அண்ணன் என்றாள், அவன் மனைவி என்னை அண்ணே என்றாள், என் மகளுக்கு அவன் மாமா. ஒரு கயிற்றை வைத்து நாங்கள் சொந்தம் கட்டிக்கொண்டோம்.

அவன் பேசமாட்டான். நான் பேசுவதில் அவனுக்கும் சேர்த்துச் செலவாகிவிடும். கடலில் அவன் கயிற்றை ஒருமுறை சுண்டினால், ‘இருக்கியா?’ என்று அர்த்தம். நான் திருப்பிச் சுண்டினால், ‘இருக்கேன்’. கம்ப்ரசரில் ஒரு முள் உண்டு, காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். முள் சரியாக நிற்கிறதே, உட்கார்ந்து பீடி குடிடா என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். அவன் முள்ளைப் பார்த்துவிட்டும் சுண்டுவான்.

எனக்குக் கண் போன பிறகு, அவன் டவுனுக்கு வந்தால் கடைக்கு வருவான். வணக்கமும் கிடையாது, சத்தமும் கிடையாது. பின்னால் வந்து நின்று என் சட்டைக் கையை ஒரு சுண்டு சுண்டுவான். “இருக்கேம்லே, உக்காரு” என்பேன். அவன் டீ குடித்துவிட்டுப் போவான். போனில் கூப்பிட்டாலும் அதே கதைதான். நான் பேசுவேன், அவன் மூச்சு விடுவான்.

இனி எங்கள் ஊர் வெப்சைட்டுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் தருவைகுளத்துக்கும் அப்பால், கடலை ஒட்டி. பாதிப் பேர் குவைத்திலும் கப்பலிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக, இதைத் திருத்தித் தருகிற பெண் ஊருக்கு ஒரு வெப்சைட் செய்தாள். வாத்தியார் மகள், வீட்டில் இருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவள். கோயில் திருவிழா, கல்யாணம், யார் மகன் எந்தக் கப்பலில் ஏறினான் என்பதெல்லாம் அதில் வரும். துக்கச் செய்தியும் வரும். முன்பெல்லாம் யாராவது இறந்தால் துட்டி சொல்ல ஊர் ஊராக ஆள் அனுப்புவார்கள். இப்போது ஃபிளெக்ஸ் கடையில் ஓர் அட்டை அடிக்கிறார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் போட்டோ, கீழே பெயர், வயது, எத்தனை மணிக்கு அடக்கம் என்பது. எல்லாம் சேர்ந்து ஒரே படம். அந்தப் படத்தை வெப்சைட்டில் ஏற்றிவிட்டால் துட்டி சொன்ன கணக்கு.

ஒரு நாள் அவள் கடைக்கு ஓடிவந்தாள்.

“மாமா, நூத்துக்கு நூறு!”

“யாருக்குளா? ஒங்கப்பாவுக்கு சுகரா?”

“நம்ம வெப்சைட்டுக்கு மாமா. கண்ணு தெரியாதவங்க போன்ல கேக்குற மாதிரி இருக்கான்னு பாத்து மார்க்கு போடுத டூலு ஒண்ணு இருக்கு. நெட்டுலயே தானா சோதிச்சுரும். மொதல்ல பாதி மார்க்குதான் வந்துச்சு. துக்க அட்டை எல்லாத்தையும் செவப்பாக் காட்டிச்சு, படத்துக்கு எழுத்துல வெவரம் இல்லன்னு. இப்ப எந்த அட்டை ஏத்தினாலும் தானா வெவரம் விழுற மாதிரி வச்சிட்டேன். ஒரு செவப்பு கெடையாது, பூரா பச்சை!”

“அந்த டூலுக்குக் கண்ணு தெரியுமா?”

“அதுக்குக் கண்ணும் கெடையாது, காதும் கெடையாது மாமா. உள்ள எழுதியிருக்க கோடிங்கத்தான் பாக்கும்.”

“அப்ப என்னைய விடப் பாவம். அதுக்கும் ஒரு டீ சொல்லு.”

அவள் சிரித்துக்கொண்டே என் போனில் வெப்சைட்டைத் திறந்து கையில் கொடுத்தாள். விரலை வைத்தேன். என் செய்தி வாசிப்பாளர் வரிசையாக வாசித்தாள்: முகப்பு, ஊர்ச் செய்திகள், கோயில், துக்கச் செய்திகள், தொடர்புக்கு. திருவிழாச் செய்தியைத் தொட்டால் கொடியேற்றத்திலிருந்து தேர் வரை ஒழுங்காக வாசித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊர் பேசுவது என் காதுக்கு நேராக வந்தது அன்றுதான். அதுவரை யாராவது வாசித்துச் சொன்னால் உண்டு. அவர்கள் சொன்னதுதான் ஊர்.

“துக்கச் செய்திக்குள்ளயும் போய்ப் பாருங்க மாமா. அதுலதான் மாத்தியிருக்கேன்.”

“போளா, நல்ல காரியம் நடக்குற நேரத்துல சாவைத் தொறக்கச் சொல்லுத. பாஸு, பாஸு. நூத்துக்கு நூறு நானும் போட்டுட்டேன்.”

எங்கள் பக்கம் அது ஒரு பழக்கம். புது வீட்டிலும் புதுப் படகிலும் முதல் பேச்சில் சாவு வரக் கூடாது. அவளும் அந்த ஊர்தானே, மறுபேச்சுப் பேசவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் துக்கச் செய்திக்குள் போனேன். ‘கண்ணீர் அஞ்சலி, படம்’ என்றாள் போன்காரி. விரலை நகர்த்தினேன். ‘கண்ணீர் அஞ்சலி, படம்.’ இன்னும் நகர்த்தினேன். ‘கண்ணீர் அஞ்சலி, படம்.’ தானாக விழுகிற விவரம் அதுதான். யார், என்ன வயது, எப்போது அடக்கம் என்பதெல்லாம் அட்டைக்குள்ளேயே கிடந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ‘ஏளா, எழவு யாருன்னே தெரியல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது இப்படித்தான் இருக்கும்போல என்று எடுத்துக்கொண்டேன். நூறு மார்க் வாங்கிய விஷயத்தில் ஐந்தாம் வகுப்பு வாசலில் திரும்பியவன் குறை சொல்ல முடியுமா? எனக்குத்தான் தொடத் தெரியவில்லை என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க அதை வைத்து ஒரு ஜோக்கும் செய்துகொண்டேன். “எங்க ஊர்ல யாரு செத்தாலும் ஒரே பேருதான் அண்ணாச்சி, கண்ணீர் அஞ்சலி” என்று லாரிக்காரர்களிடம் சொல்லுவேன். சிரிப்பார்கள்.

ஆரம்பத்தில் மகளிடம் போனை நீட்டி யாரென்று கேட்டேன். கடையில் கூட்டம் நிற்கும்போது, “யப்பா, கீழத்தெரு பாட்டி ஒண்ணு. தொண்ணூறு வயசு. போதுமா?” என்பாள். மறுபடியும் யாரோ ஒரு கீழத்தெருப் பாட்டி. நாளாக ஆக அவளும் சலித்தாள், நானும் கேட்பதை விட்டேன். கேட்காமல் இருப்பதில் எனக்கொரு கௌரவமும் இருந்தது. இனிமேல் நானே பார்த்துக்கொள்வேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஊர்க்காரர் யார் கடைக்கு வந்தாலும், “ஒங்க வீட்டுல நேத்து வெளக்கு அணைஞ்சாலும் காலையில எனக்குத் தெரிஞ்சிரும்வே” என்று பீற்றுவேன்.

இப்படி இருக்கையில் என் மச்சான் கொஞ்ச நாளாகக் கடைப்பக்கம் வரவில்லை. வலை வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு மத்தியானம், லாரிக்காரர் ஒருத்தர் சொன்ன கெட்ட ஜோக் ஒன்று கைவசம் இருந்தது. அதை அவனிடம் சொல்லி, அவன் மூச்சு எப்படி மாறுகிறது என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கூப்பிட்டேன். எடுத்த சத்தம் கேட்டது. பேச்சு இல்லை, மூச்சு மட்டும். அவன்தான், வேறு யார்?

“என்னலே, சத்தத்தையே காணோம்? உயிரோட இருக்கியா, போய்ச் சேந்துட்டியா?” என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு உடைந்தது. பெண் மூச்சு. அவன் மனைவி.

“அண்ணே...” என்றாள். “ஒங்களுக்குத் தெரியாதா?”

என் வாயில் வந்த ஜோக்குகளில் கடைசிவரை யாரிடமும் சொல்ல முடியாமல் போனது அந்த லாரிக்காரருடையதுதான். அதற்கு முன்னால் போனில் கேட்டதைத் திரும்ப வாங்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் கடையை அடைத்துவிட்டு அன்றைக்கே என்னை ஊருக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியில் துணிக்கடையில் ஒரு சேலை எடுக்கச் சொன்னேன். எங்கள் பக்கம் புருஷன் இறந்தால், பொண்டாட்டிக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி புதுச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். கோடி என்று பெயர். உடல் வீட்டில் இருக்கும்போதே போட வேண்டியது; அவனை அடக்கம் செய்தே நாளாகிவிட்டது. அவன் மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. கயிற்றுக் கணக்கில் நான்தான் அண்ணன்.

அவன் வீட்டு வாசலில் காலை வைக்கும்போதே பேச்சு அடங்கியது தெரிந்தது. கண் தெரியாதவனுக்கு ஒரு வீட்டின் கோபம் அப்படித்தான் தெரியும். அவள் என் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள்.

“நெஞ்சு வலிக்குதுன்னாரு, தண்ணி கேட்டாரு, அவ்வளவுதான்” என்றாள். “பெட்டிய மூடவே விடலண்ணே நான். அண்ணன் வந்துரும், கோடி எடுத்துட்டு வந்துரும்னு சொல்லிட்டே இருந்தேன். பங்குச் சாமியார் வந்து நிக்காரு. எல்லாரும் மூடு மூடுங்காவ.”

“ஒரு போன் போட்டிருக்கலாமே அத்தை” என்றாள் என் மகள்.

“போட்டிருப்பேன்மா. பயக்கதான் சொன்னானுவ. காலையிலேயே வெப்சைட்டுல அட்டை போட்டாச்சு, அவருதான் விடிஞ்சதும் மொத ஆளாக் கேப்பாரே, வந்துட்டு இருப்பாருன்னு. அப்புறம் வரலைன்னதும்...”

“வரலைன்னதும் என்ன சொன்னானுவ?” என்று நான் கேட்டேன்.

“என்னத்தச் சொல்லுவாவ. கண்ணு போனதும் மனுசன் மறந்துட்டாருன்னாவ. கடைசியில எதுத்த வீட்டுத் தம்பி ஒரு சேலைய எடுத்தாந்து போட்டுச்சு.”

நான் கொண்டுபோன சேலை மடியில் இருந்தது. கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். உடுத்துவாளோ மாட்டாளோ, கேட்கவில்லை.

எல்லாரும் இறந்தவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பார்கள். நான் தொட்டுப் பார்த்திருப்பேன். கையை எடுத்து விரல்களைத் தொட்டிருப்பேன். கயிறு அறுத்து அறுத்துக் காய்ப்புப் பிடித்த விரல்கள். ஒருமுறை அவன் சட்டைக் கையைச் சுண்டியிருப்பேன். பதில் வராது என்று தெரிந்தும் சுண்டுவதுதான் மரியாதை. கல்லறைத் தோட்டத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குனிந்து தொட்டேன். மணல். எங்கள் ஊரில் எங்கே தொட்டாலும் மணல்தான்.

அடுத்த நாள் அந்த வெப்சைட் பெண் கடைக்கு வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் லேப்டாப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“டூலை மறுபடி ஓட்டிப் பாத்தேன் மாமா” என்றாள். “இப்பவும் நூறுதான் காட்டுது.”

“அவன் செத்ததுக்குக்கூட ஒரு மார்க்கு கொறைக்கலியா?”

“படத்துக்கு வெவரம்னு ஏதாவது எழுத்து இருக்கான்னு மட்டும்தான் அதுக்குப் பாக்கத் தெரியும். இருந்தாப் பச்சை. அந்த எழுத்து படத்துல உள்ளதச் சொல்லுதா, கேக்குறவங்களுக்குப் புரியுமான்னெல்லாம் அதுக்குத் தெரியாது மாமா. டூலு செஞ்சவன் மார்க்குக்குக் கீழ அதையே எழுதியும் வச்சிருக்கான். இதோட விட்டுராதீங்க, ஆளை வச்சும் பாத்துக்கோங்கன்னு. நான் நூறைப் பாத்ததும் அத வாசிக்கல.”

“நீதான் ஆளை வச்சுப் பாத்தியேளா. நான்தான அந்த ஆளு?”

லேப்டாப்பை மூடுகிற சத்தம் கேட்டது.

“அந்த ஆளுக்குக் குடுத்த டீயும் வேஸ்ட்டு” என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். என் ஜோக்குகளுக்கு அந்த வாரம் நேரம் சரியில்லை. மகள் வந்து அவளுக்கு ஒரு டீ கொடுத்தாள், எனக்கு ஒரு முறைப்பைக் கொடுத்திருப்பாள். அதைப் பார்க்க முடியாதது மட்டும் எனக்கு லாபம்.

அவளைக் குறை சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது? ஊரில் எவனும் நினைத்துப் பார்க்காத காலத்தில் எனக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான். அந்த டூலையும் என்னால் திட்ட முடியவில்லை. கம்ப்ரசர் முள் மாதிரி அது. காற்று இருக்கிறது என்று சொல்லும், கீழே இருப்பவன் மூச்சு விடுகிறானா என்று அதற்குத் தெரியாது. அதற்குத்தான் ஒருத்தன் கயிற்றைப் பிடித்திருந்தான். நான் என்ன செய்தேன்? கீழே இருந்துகொண்டு, காற்று வராதபோதும் ‘இருக்கேன், இருக்கேன்’ என்று சுண்டிக்கொண்டே இருந்தேன். மேலே இருப்பவர்கள் நம்பத்தானே செய்வார்கள்?

அவள் அன்று கடையிலேயே உட்கார்ந்து, ஏற்கெனவே போட்ட துக்க அட்டைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே விவரமாகத் தட்டினாள். பெயர், வயது, இன்னார் கணவர், இன்னார் தகப்பன், அடக்கம் எப்போது, எந்தக் கோயில். இனி அட்டை ஏற்றுகிற யாரும் இதையெல்லாம் எழுதாமல் ஏற்ற முடியாது என்று மாற்றினாள். எல்லாம் முடிந்த பிறகு டூலை மறுபடி ஓட விட்டாள்.

“எவ்வளவு?” என்று கேட்டேன்.

“அதே நூறு.”

இப்போது ஏதாவது புதிதாகச் செய்தால் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் தடவுகிறேன், திணறுகிறேன், திட்டுகிறேன். அவள் குறித்துக்கொள்கிறாள். சாவு அட்டையை முதலில் திறக்கிறேன். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதில்லை.

அவன் அட்டையும் அங்கேதான் இருக்கிறது. பட்டியலில் கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது. காலையில் டீ வருவதற்குள் விரலால் தேடி அங்கே போய்விடுவேன். போன்காரி அவன் பெயரைத் தப்பாகத்தான் உச்சரிக்கிறாள். வயதைச் சொல்கிறாள். பிறகு, அட்டையில் அச்சடித்தது அடித்தபடியே இருப்பதால், ‘நல்லடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு’ என்கிறாள்.

“அத மாத்திரட்டா மாமா? தேதி மட்டும் போட்டுருதேன்” என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன்.

இன்று மாலை என்று ஒவ்வொரு நாள் காலையிலும் போன்காரி சொல்கிறாள். எனக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் நாற்காலிக்குக் கீழே என் கால் செருப்பைத் தேடுகிறது.